ரெங்கத்துக்கு வந்த துணி – 9: மான்செஸ்டரும் ஓசாகாவும்

கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், துணியில் பட்டால் லேசில் போகாது. சொட்டும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். வெயில் ஏற ஏறப் பிசுபிசுத்து இறுகும். மறுநாள் பார்த்தால் கறுத்துப் பட்டை பட்டையாக நிற்கும். சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்தால் நூல்தான் நைந்துபோகும், கறை அப்படியே இருக்கும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அதற்கென்றே ஒரு பழைய கைலி, ஒரு பழைய சட்டை, தலைக்கு ஒரு துண்டு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். கொஞ்ச காலத்தில் அந்தத் துணி தோல்போல விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கத் தொடங்கும். அப்புறம் வேறொரு பழையதை எடுக்க வேண்டும். பழையது இல்லையென்றால் புதியதையே காட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தோட்டத்துக் குடும்பத்துக்குத் துணி என்பது தீபாவளிக்கு ஒருமுறை எடுக்கிற பொருளாக மட்டும் இருந்ததில்லை. அரிசி, பருப்பு, கருவாடு போல அதுவும் தீர்ந்துகொண்டே இருந்த பொருள். அதனால் கஜத்துக்கு ஒரு காசு ஏறினாலும் லயத்தில் உறைத்தது, ஒரு காசு இறங்கினாலும் தெரிந்தது. இந்த வாரம் பார்க்கப்போகும் சண்டை லண்டனிலும் தோக்கியோவிலும் நடந்தது. ஆனால் அதன் கணக்கு ரெங்கத்துக் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில்தான் வந்து முடிந்தது.

சென்ற வாரங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஜொகூர்க் கடல் வரைக்கும் வந்தோம். பழவேற்காட்டில் 1613ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது, 1641ல் ஜொகூரின் துணையோடு போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பறித்தது, 1824ல் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடலில் கோடு கிழித்து ஜொகூரையும் ரியாவையும் பிரித்துக்கொண்டது, இவற்றையெல்லாம் பார்த்தாயிற்று. பழவேற்காட்டின் பெயரே மலாய் மொழியில் 'பெலிக்காட்' ஆகி, இன்றைக்கும் ஜொகூர்க் கம்பத்து ஆண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயராக நிற்கிறது என்பதையும் சொல்லியிருந்தேன். அந்தப் பழைய போட்டியில் நம்மவர்கள் துணி நெய்தவர்கள். இப்போது வரும் போட்டியில் நம்மவர்கள் துணி உடுத்தியவர்கள். நடுவில் போன நூறு ஆண்டுகளில் தறி நம் கையை விட்டுப் போய்விட்டது.

ரெங்கம் பெரிய ஊர் இல்லை. குளுவாங்குக்கும் லாயாங் லாயாங்குக்கும் இடையில் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர். ஜொகூர் ரயில் பாதை 1909ல் முடிந்ததும், அதன் இரு பக்கத்துக் காட்டையும் அழித்துப் பால்மரம் வைத்தார்கள். இந்தப் பக்கத்துச் செம்மஞ்சள் மண் ரப்பருக்கு அவ்வளவு ஒத்துப்போனது. மலேசிய மண்ணியல் நூல்களில் இன்றைக்கும் ஒரு மண் வகைக்கே 'ரெங்கம் வரிசை' என்று பெயர். உலகத்துக்கு இந்த ஊரைத் தெரிந்தவர்களில் மண் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கூட்டம் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. 1923ல் ஜொகூர் நீரிணையின் குறுக்கே பாலம் வந்து, சரக்கு ரயில் சிங்கப்பூரிலிருந்து நேராக ஓடத் தொடங்கியது. அதுமுதல் சிங்கப்பூர்க் கிட்டங்கியில் இறங்கிய துணிப் பொதி தோணி மாறாமலே வடக்கே வந்து சேரலாம் என்றாயிற்று.

அந்தப் பொதியில் என்ன இருந்தது? முதல் உலகப் போருக்கு முன்பு என்றால் கேள்விக்கே இடமில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயரின் துணிதான். 1913ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம். அதில் ஏறக்குறைய 300 கோடி கஜத்தை இந்தியா ஒன்றே வாங்கியது. மல்லுத் துணி, சீட்டித் துணி, வேட்டி, சேலை என்று நம் ஊர் வழக்கத்துக்கேற்ற அளவிலும் கரையிலும் நெய்து அனுப்பினார்கள். மலாய்க்காரர் கட்டும் பாத்திக் சரோங்கைக்கூட ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் பள்ளத்தாக்கிலும் ஹாலந்தின் துவெந்தே பகுதியிலும் இயந்திரத்தில் அச்சடித்து விற்றார்கள். துறைமுகம் திறந்தே இருந்தது. சிங்கப்பூர் 1819 முதல் சுங்கம் இல்லாத துறைமுகம், யாரும் எதையும் கொண்டுவரலாம் என்பதுதான் அதன் உயிர். யாரும் கொண்டுவரலாம் என்றாலும், மலிவாகக் கொண்டுவரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அதனால் அந்தக் கொள்கை அவருக்கு இனித்தது.

இரண்டாவது ஆளாக ஜப்பான் வந்த கதையை ஓர் இயந்திரக் கம்பெனியை வைத்தே சொல்லிவிடலாம். ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் என்றால் அந்தக் காலத்தில் நூற்பு இயந்திரத்துக்கு உலகத்திலேயே முதல் பெயர். ஷிபுசாவா எயிச்சி என்ற தொழிலதிபரின் முயற்சியில் தொடங்கிய ஓசாகா நூற்பாலை 1883ல் ஓடத் தொடங்கியபோது அதில் இருந்த 10,500 கதிர்களும் பிளாட் கம்பெனியிடம் வாங்கியவை. அதற்குப்பின் 46 ஆண்டு கழிந்தது. தொயோதா சாகிச்சி என்ற தச்சர் மகன் ஒரு தானியங்கித் தறியைச் செய்து முடித்திருந்தார். நூல் அறுந்தால் தானே நிற்கும், நாடாவில் நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ளும். ஒரு பெண் பல தறிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929ல் அந்தத் தறியைச் செய்யும் உரிமைக்காக 1,00,000 பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? அதே பிளாட் பிரதர்ஸ். விற்றவர் வாங்குகிறவராக மாறிய அந்த ஆண்டிலேயே லங்காஷயரின் காலம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். மற்றவர்களுக்குப் புரிய இன்னும் நாலைந்து ஆண்டு பிடித்தது.

தறி மட்டும் காரணம் இல்லை. பஞ்சு நம்முடையது. 1893ல் ஜப்பானியக் கப்பல் கம்பெனியான நிப்பன் யூசென் கைஷாவும் பம்பாயின் டாடாவும் சேர்ந்து பம்பாய்க்கும் கோபேக்கும் நேர்க் கப்பல் விட்டார்கள். அது முக்கியமாகப் பஞ்சுக்காகத்தான். இந்தியக் கரிசலில் விளைந்த குட்டை இழைப் பஞ்சை மான்செஸ்டர் அவ்வளவாக விரும்பவில்லை. ஜப்பானியர் அதை வாங்கி, வேறு பஞ்சோடு பதமாகக் கலந்து நூற்கக் கற்றுக்கொண்டார்கள். தூத்துக்குடியிலிருந்தும் பொதிகள் போயின. கரிசல் காட்டிலிருந்து கிளம்பிய பஞ்சு ஓசாகாவில் துணியாகி, சிங்கப்பூரில் இறங்கி, ரயிலேறி, கரிசல் காட்டை விட்டு வந்தவரின் இடுப்பையே சுற்றியிருக்கக் கூடும். நெய்த கூலி மட்டும் நடுவில் வேறு ஊரில் தங்கிவிட்டது.

அந்தக் கூலியை வாங்கிய பெண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானிய ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் குடியானவர் வீட்டுச் சிறுமிகளும் இளம் பெண்களும். ஆள்பிடிக்கும் தரகர் கிராமத்துக்கு வருவார். தகப்பன் கையில் முன்பணம் வைப்பார். பெண் ஆலை விடுதிக்குப் போவாள், முன்பணம் கழியும்வரை அவள் ஊருக்குத் திரும்புவது கடினம். பகல் முறை, இரவு முறை என்று மாறி மாறி ஓடிய ஆலைகளில் ஒரு முறைக்காரி எழுந்துபோன படுக்கையில் அடுத்த முறைக்காரி வந்து படுத்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிக் காசநோயோடு வீடு திரும்பியவர்கள் ஏராளம். பெண்களுக்கு இரவு வேலையை நிறுத்தும் சட்டம் 1929ல்தான் நடைமுறைக்கு வந்தது. முன்பணம், தரகர், விடுதி. இந்த மூன்றுக்கும் நம் பக்கத்துச் சொற்கள் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கங்காணி கொடுத்த பணம், கங்காணி, லயம். ஓசாகாவில் தறிக்கு முன் நின்றவளும் ரெங்கத்தில் வாளி தூக்கி நின்றவளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இவள் வாங்கும் விலைக்கு அவள் நெய்தாள்.

1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையை விட்டது. 100 யென்னுக்கு 49 அமெரிக்க டாலர் என்றிருந்த மதிப்பு அடுத்த ஆண்டு முடிவதற்குள் 20 டாலர் அளவுக்கு விழுந்தது. ஏற்கெனவே மலிவான துணி இன்னும் பாதி விலைக்குக் கீழே வந்ததுபோல ஆயிற்று. 1933ல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனைத் தாண்டியது. இருவரும் தலைக்கு 200 கோடி கஜத்தை ஒட்டி அனுப்பினார்கள். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் முதலிடம் கைமாறிவிட்டது. 20 ஆண்டுக்கு முன் 700 கோடி கஜம் விற்ற நாடு பிரிட்டன்.

இதே சமயத்தில் ரெங்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. 1932ல் சிங்கப்பூரில் ஒரு ராத்தல் 5 காசுக்கும் கீழே போனது. உலகப் பொருளாதார மந்தத்துக்கு முன் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்த சம்பளம் படிப்படியாகக் குறைந்து 28 காசு, 24 காசு வரை இறங்கியது. 1930லேயே தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். மலாயா முழுவதிலுமிருந்து அப்படிப் போனவர்கள் பல்லாயிரம் பேர். மிஞ்சியவர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஜப்பான் துணி கடைக்கு வந்தது.

வெறும் மலிவு என்று சொன்னால் அதன் அருமை புரியாது. 28 காசு வாங்குகிறவர் அரிசிக்கும் கடனுக்கும் எடுத்துவைத்த பிறகு மிஞ்சும் சில்லறையில் லங்காஷயர்த் துணியின் பக்கம் போக முடியாது. ஜப்பான் துணி இல்லாவிட்டால் அவர் கிழிந்ததையே ஒட்டுப்போட்டுக் கட்டியிருப்பார், அவ்வளவுதான். லங்காஷயர்த் துணி அழுத்தமானது, நாள்படும் என்று அந்தக் காலத்தவர் சொல்வது உண்மைதான். ஜப்பான் துணியில் கஞ்சி கூடுதல், இரண்டு துவைப்பில் தொய்ந்துவிடும், சீட்டியில் சாயம் கரையும் என்று குறை சொன்னார்கள். எல்லாத் துணியும் அப்படி இல்லை. வர வர அவர்கள் தரமும் உயர்ந்தது. செயற்கைப் பட்டில் பளபளவென்று வந்த சேலைத் துணிக்கு 'ஜப்பான் பட்டு' என்று நம் பெண்கள் பெயர் வைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டு மாதிரி ஒன்றைத் தொட்டுப் பார்த்த கூலிப் பெண்ணின் விரலுக்கு ஏகாதிபத்தியம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் இந்த வியாபாரம் தெருத் தெருவாகப் பிரிந்து கிடந்தது. அரபுத் தெருவில் தமிழ் முஸ்லிம்களும் குஜராத்திகளும், ஹை ஸ்ட்ரீட்டில் சிந்திகளும், மிடில் ரோட்டில் ஜப்பானியர்களும் துணிக் கடை வைத்திருந்தார்கள். மிடில் ரோட்டின் எச்சிகோயா என்ற ஜப்பானியத் துணிக்கடை ஊரறிந்தது. மொத்தமாக இறக்குமதி செய்தவர் ஒருவர், சிற்றூர்க் கடைக்கு அனுப்பியவர் இன்னொருவர், தோட்டத்துக்குக் கடனுக்குக் கொடுத்தவர் மூன்றாமவர். இந்தச் சங்கிலியில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள். அதனால் ஒரு நாட்டுத் துணியைத் தடுத்தால் அடி அந்த நாட்டுக்காரனுக்கு மட்டும் விழாது.

லங்காஷயரின் துன்பத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிளாக்பர்ன், பர்ன்லி போன்ற ஊர்களில் ஆலைகள் வரிசையாகப் பூட்டப்பட்டன. தலைமுறையாக நெய்தவர்கள் தர்மக் காசுக்கு வரிசையில் நின்றார்கள். 1931 செப்டம்பரில் காந்தி அங்கே டார்வென் ஊருக்குப் போனார். அவருடைய அந்நியத் துணிப் பகிஷ்காரத்தால் வேலை இழந்தவர்களே அவரைச் சூழ்ந்து நின்று வரவேற்றார்கள். அந்தத் தொழிலாளர்களுக்காக எனக்கு வருத்தம் உண்டு, அவர்கள்மேல் கோபம் இல்லை. என் கோபம் அவர்கள் பெயரைச் சொல்லிச் சட்டம் போட்டவர்கள்மேல்.

1934 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரு நாட்டு ஆலை முதலாளிகளும் லண்டனில் உட்கார்ந்து பேசினார்கள். உலகச் சந்தை முழுவதையும் பங்கு போட்டுக்கொள்வோம் என்றது லங்காஷயர். பிரிட்டனையும் அதன் குடியேற்ற நாடுகளையும் பற்றி மட்டும் பேசலாம், மற்ற இடங்கள் பொது என்றது ஜப்பான். பேச்சு முறிந்தது. 1934 மே 7, திங்கட்கிழமை, வர்த்தக அமைச்சர் வால்டர் ரன்சிமன் நாடாளுமன்றத்தில் எழுந்தார். குடியேற்ற நாடுகளில் அந்நியத் துணிக்கு அளவு வரம்பு விதிக்கப்போகிறோம் என்று அறிவித்தார். 1927 முதல் 1931 வரை இறக்குமதியான சராசரி அளவுதான் இனிமேல் உச்சம். அந்த ஐந்து ஆண்டுகளை ஏன் எடுத்தார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால் போதும். யென் விழுந்ததும் ஜப்பான் துணி வெள்ளமாக வந்ததும் 1931க்குப் பிறகு.

அதே மே 7ஆம் தேதி அதே லண்டனில் இன்னொரு தாளிலும் கையெழுத்தாயிற்று. பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகிய அரசுகள் சேர்ந்து செய்துகொண்ட உலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்து, புதிதாக மரம் நடுவதைத் தடுத்து, விலையை ஏற்றுவது அதன் நோக்கம். ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரெங்கத்துப் பால்வெட்டுக்காரர் அந்தத் திங்கட்கிழமையும் வழக்கம்போல விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரங்களை வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அவர் எடுக்கும் பாலுக்கு என்ன விலை, அவர் உடுத்தும் துணிக்கு என்ன விலை என்ற இரண்டும் அன்றைக்கு ஒரே ஊரில் தீர்மானமாயின. விற்கும் பொருள் விலை ஏறவேண்டும் என்று ஒரு முடிவு. அதன் லாபம் முதலில் பங்குதாரருக்குப் போனது, சம்பளம் பின்னால் மெல்ல நகர்ந்தது. இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி 1936 டிசம்பரில் நேரில் வந்து பார்த்துவிட்டு, பழைய 50 காசும் 40 காசும் திரும்ப வேண்டும் என்று மறு ஆண்டு எழுதினார் என்றால், இரண்டரை ஆண்டு கழித்தும் அது வந்திருக்கவில்லை என்றுதானே பொருள். வாங்கும் பொருளின் விலை ஏறட்டும் என்பது இன்னொரு முடிவு. அது உடனே கடைக்கு வந்தது.

சிங்கப்பூர் வணிகர்கள் எதிர்த்தார்கள். திறந்த துறைமுகம் என்று நூறு ஆண்டாகச் சொல்லிக்கொண்டு வந்ததன் கழுத்தில் கை வைக்கிறீர்களே என்று கேட்டார்கள். ஆனால் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்ற நாடுகளின் சட்டசபையில் இறுதிப் பிடி ஆளுநரின் கையில்தான். 1934லேயே துணி இறக்குமதி வரம்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. ஜொகூரில் சுல்தான் இருந்தார், பிரிட்டிஷ் பொது ஆலோசகரும் இருந்தார். ஆனால் ஜொகூர்க் கடைகளுக்கு வரும் துணி சிங்கப்பூர் வழியாகத்தான் வரவேண்டும். குழாய் வாயை அங்கே அடைத்தால் இங்கே தண்ணீர் வராது.

இலங்கையில் நடந்தது இதைவிட உறைக்கக்கூடியது. 1931ல் அங்கே வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வந்திருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக் கழகம் இந்த வரம்பை ஏற்க மறுத்தது. ஏழைகள் உடுத்தும் துணியின் விலையை ஏற்றி லங்காஷயரைக் காப்பாற்ற எங்களுக்கு என்ன கடமை என்பது அவர்கள் கேள்வி. லண்டன் அந்தக் கழகத்தைத் தாண்டி, அரசரின் ஆணையாகவே வரம்பைத் திணித்தது. கென்யா, உகாண்டா, தங்கனிகாவில் மட்டும் அதைச் செய்ய முடியவில்லை. காங்கோப் படுகை நாடுகளில் எல்லாருக்கும் சம வர்த்தக உரிமை என்று வல்லரசுகள் முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தன. வல்லரசுகளுக்குள் போட்டுக்கொண்ட தாளுக்கு மரியாதை இருந்தது, மக்கள் போட்ட வாக்குக்கு இல்லை.

இந்தியாவில் வழக்கு வேறு மாதிரி போனது. 1933ல் பிரிட்டன் அல்லாத நாட்டுத் துணிக்குச் சுங்கம் 75 சதவீதமாக ஏறியது. ஜப்பானிய ஆலைகள் பதிலுக்கு இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று நிறுத்தின. பஞ்சு விலை சரிந்து விவசாயி கலங்கினார். 1934ல் சமரசம் வந்தது. ஜப்பான் ஆண்டுக்கு 10 லட்சம் பொதிப் பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கஜம் துணி விற்கலாம், 15 லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கஜம் வரை விற்கலாம். இந்தியா கையில் பஞ்சு இருந்தது, அதனால் பேரம் பேச முடிந்தது. மலாயாவில் விளைந்த ரப்பரை வைத்துத் துணிக்காகப் பேரம் பேச யாரும் இல்லை. டச்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளில் அவர்களும் வரம்பு போட்டார்கள், பத்தாவியாவில் 1934ல் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தும் ஜப்பானோடு ஒத்துவரவில்லை.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு 1700ஆம் ஆண்டும் 1721ஆம் ஆண்டும் நினைவிருக்கும். சோழமண்டலத்துச் சீட்டித் துணியை இங்கிலாந்தில் யாரும் உடுத்தக் கூடாது என்று ஆங்கிலேயர் சட்டம் போட்ட ஆண்டுகள். தங்கள் தறி மெலிந்திருந்தபோது கதவைச் சாத்தினார்கள். தறி பெருத்ததும் உலகத்தின் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். மறுபடி மெலிந்ததும் மறுபடி சாத்தினார்கள், இந்த முறை அடுத்தவன் வீட்டுக் கதவை.

ஜொகூருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. குளுவாங்குக்கு மேற்கே, பத்து பகாட் பக்கம் ஸ்ரீ மேடானில் இரும்புச் சுரங்கம். இஷிஹாரா ஹிரோய்ச்சிரோ என்ற ஜப்பானியர் 1920 வாக்கில் கண்டுபிடித்துத் தோண்டத் தொடங்கியது. அந்த இரும்புத் தாது ஆண்டுக்காண்டு ஜப்பானின் யவாதா உருக்காலைக்குக் கப்பலேறியது. ஜொகூர் அரசுக்கு வரி வந்தது, பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆட்சேபிக்கவில்லை. சுல்தான் இப்ராஹிமுக்கும் ஜப்பானோடு பழைய சிநேகம். தொகுகாவா யோஷிச்சிகா பிரபு 1921ல் ஜொகூர் வந்து அவரோடு காட்டில் வேட்டையாடியவர். துணிக்கு வரம்பு போட்ட அதே 1934ல் சுல்தான் ஜப்பானுக்குப் போய் அரச மரியாதை பெற்றுத் திரும்பினார். ஜொகூரிலிருந்து பீரங்கிக்கு ஆகக்கூடிய இரும்பு தாராளமாகப் போகலாம், ஜொகூருக்குச் சட்டைத் துணி வரம்பு மீறி வரக்கூடாது. 1941 ஜூலையில் ஜப்பானியச் சொத்துகளை முடக்கும்வரை தாது போய்க்கொண்டே இருந்தது. இந்த ஒரு கணக்கை மட்டும் என்னால் எத்தனை முறை படித்தாலும் ஜீரணிக்க முடிவதில்லை.

வரம்பால் ஒரு சிறு நன்மை விளைந்தது. அது அந்நியத் துணிக்கு மட்டும்தான். இந்தியா பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்ததால் இந்தியத் துணிக்கு வரம்பு இல்லை. சென்னைக் கைலிக்கும் பம்பாய் ஆலைத் துணிக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. 1926 முதல் தமிழகக் கரைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த 'ரஜூலா' கப்பலில் மூட்டை மூட்டையாகக் கைலி வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்த ஆட்களும் பெட்டியில் நாலு உருப்படி கூடுதலாக வைத்துக்கொண்டு வந்தார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துத் தறிகளிலிருந்து இன்றைக்கும் மலேசியாவுக்குக் கைலி வருகிறது.

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின்மேல் முழுப் போர் தொடுத்தது. லண்டன் சட்டம் செய்து முடிக்காததைச் சீனக் கடைக்காரர்கள் செய்தார்கள். சிங்கப்பூர்ச் சீன வணிகர் டான் கா கீ தலைமையில் சீன நிவாரண நிதி திரண்டது. ஜப்பான் சரக்கை விற்பதில்லை, வாங்குவதில்லை என்று பகிஷ்காரம் சிற்றூர் வரை பரவியது. மீறியவர் கடைக்குத் தார் பூசினார்கள். ஸ்ரீ மேடான் சுரங்கத்திலிருந்தும் சீனத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். கூலியை இழந்து, வேறு வேலைக்கு வழி தெரியாமலே வெளியேறியவர்கள். அவர்களை நான் மதிக்கிறேன்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஏழே வாரத்தில் போர் ரெங்கத்துக்கு வந்துவிட்டது. 9ஆவது இந்தியப் படைப்பிரிவு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் என்று பின்வாங்கியது. 1942 ஜனவரி 28 அன்று அதன் தளபதி பார்ஸ்டோ லாயாங் லாயாங் அருகே சுடப்பட்டு இறந்தார். பாலம் தகர்ந்து, தொடர்பு அறுந்து, 22ஆவது இந்தியப் படையணி காட்டில் அநாதையாகச் சிதறியது. பால்வெட்டுப் பாதைகளில் துப்பாக்கிகளும் தொப்பிகளும் கிடந்தன.

மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. இனி ஜப்பான் துணிக்கு வரம்பு போட யாரும் இல்லை. துணியும் இல்லை. ஜப்பானின் ஆலைகளையே போர் தின்றுகொண்டிருந்தது. 1937ல் 1.2 கோடியாக இருந்த நூற்புக் கதிர்களில் பெரும்பகுதியைக் கழற்றிப் பழைய இரும்பாக உருக்கினார்கள். போர் முடிந்தபோது மிஞ்சியவை சில பத்து லட்சம்தான். மலாயாவுக்கு வேறு எந்தக் கப்பலும் வர வழியில்லை. தோட்டத்தில் இருந்த துணி மூன்றரை ஆண்டில் பாலிலும் வியர்வையிலும் கரைந்து தீர்ந்தது. பெரியவர்கள் சொல்லும் ஜப்பான்காரன் காலத்துக் கதைகளில் பசிக்கு அடுத்தபடி வருவது துணிதான். வீட்டில் இருக்கிற ஒரு சேலையைத் தாயும் மகளும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, ஒருத்தி வெளியே போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தது. அரிசி வந்த கோணிச்சாக்கை அலசி, அடிப்பக்கம் தலைக்கு ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் கைக்கு இரண்டு ஓட்டை வெட்டி, சணல் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனது. கோணி உடம்பை அறுக்கும், மழையில் நனைந்தால் ஈரம் பிழிய முடியாமல் கனக்கும், பேன் சேரும். சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் பலர் அந்தச் சாக்கோடுதான் சரக்கு வண்டியில் ஏறினார்கள்.

(தொடரும்)